கரண்டு வைக்காத வைத்தியம்

நம் திருவண்ணாமலைப் பக்கத்தில் புற்றுநோய் என்றாலே ‘கரண்டு வைக்கணும்’ என்பார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த ஊருக்குக் கதிர் வைத்தியம் புதிதில்லை. 1949-இல் ரமண மகரிஷியின் இடக் கையில் வந்த கட்டிக்கு அறுவையோடு ரேடியமும் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் வாயிலும் தொண்டையிலும் கதிர் வைத்தால் பக்கத்துச் சதையும் வேகும், எச்சில் வற்றும், ருசி போகும்.

ஆரம்பக் கட்டப் புற்றுக்கு வேறொரு வழி உண்டு: ஒளியியக்கச் சிகிச்சை. ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்து, கட்டியில் சிவப்பு வெளிச்சம் அடிப்பார்கள். அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் பட்டால் செல்லுக்கு ஒன்றும் ஆகாது. மருந்து மட்டும் உள்ளே போனாலும் அப்படியே. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அங்குள்ள ஆக்சிஜன் வெறிபிடித்துச் செல்லைக் கொல்கிறது. அந்த ஆக்சிஜன் ஒரு செல்லின் அகலத்தைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடும். விளக்கடித்த இடத்தில்தான் சேதம். 1900-இல் மியூனிக் மாணவர் ஆஸ்கர் ராப் எழுதியது இதன் முதல் படி: அக்ரிடின் சாயத்தில் கிடந்த பாரமீசியங்கள் வெளிச்சம் பட்டதும் செத்தன.

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று நோயாளிகளுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். செல்லுக்குள் அது புரோட்டோபார்பைரினாக மாறி, கட்டியில் கூடுதலாகச் சேரும். செல்போன் கேமராவோடு இணைத்த ஊதா விளக்கைக் காட்டினால் கட்டி சிவப்பாக ஒளிரும். அடுத்து 635 நானோமீட்டர் சிவப்பு ஒளி. விலையுயர்ந்த லேசர் கிடையாது. பேட்டரியில் ஓடும் எல்இடி, கரண்ட் போனாலும் அணையாது. கன்னத்துக்குள் அசையாமல் நிற்க, முப்பரிமாண அச்சில் வார்த்த சின்னக் கவ்விகள். எனக்கு இதில் பிடித்ததே இந்தச் சிக்கனம்தான்.

புண் ஆறினால் தழும்பு அதிகம் இராது. பேச்சும் விழுங்குவதும் பெரும்பாலும் தப்பிக்கும். தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம், கதிர்வீச்சில் அந்தச் சலுகை குறைவு. ஆனால் சில நாள் வலியும் வீக்கமும் உண்டு. சிவப்பு ஒளி சதைக்குள் அரை முதல் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருந்தால் பயனில்லை. ஆனால் வாயில் முன்னறிகுறியாக வரும் வலிக்காத வெள்ளைத் திட்டை ஹான்ஸ் புகையிலை போடுகிறவர் பொருட்படுத்துவதில்லை, வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்த வழி அநேகமாக அடைபட்டிருக்கும்.

இன்னொரு தொல்லை வெயில்: மருந்து உடலில் தங்கும்வரை வெளிச்சம் தோலையும் சுடும். அமினோலெவுலினிக் அமிலத்துக்கு ஓரிரு நாள் ஒதுங்கினால் போதும். ஊசியில் ஏற்றும் போட்டோஃப்ரின் என்ற வேறொரு மருந்து என்றால் குறைந்தது 30 நாள். சித்திரையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைப் பக்கம் பகலில் தலைகாட்ட முடியாது.

ஆழத்தைச் சமாளிக்க ஜப்பான் வேறு வழி பிடித்திருக்கிறது. 2020-இல் அங்கே அனுமதி பெற்ற அக்கலக்ஸ், புற்றுச் செல்லைத் தேடி ஒட்டும் எதிர்ப்புரதத்தில் சாயத்தைக் கோத்த மருந்து. முற்றிய கட்டி என்றால் ஒளியிழையை ஊசிபோல் கட்டிக்குள்ளேயே செருகி விளக்கேற்றுகிறார்கள்.