பழைய டீசல் கார் வாங்கலாமா?

தை பிறந்து மிளகாய் களத்துக்கு வந்து, பின்னர்ப் பருத்தியும் வெடித்து விலையாகும் காலத்தில், கோவில்பட்டி வட்டாரத்துக் கிராமங்களில் பழைய கார்த் தரகர்களின் நடமாட்டமும் மிகுந்துவிடுகிறது. மானாவாரி விவசாயியின் கையில் பணம் தங்குவது ஆண்டில் அச்சில வாரங்களே என்பதை அவர்கள் நன்கு அறிவர். "டீசல் வண்டி, செலவே கிடையாது" என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் பேரத்தை முடித்துவிடுகிறது. நம் உறுப்பினர் சிலர் இது குறித்து வினவியிருப்பதால், அச்சொல்லில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இங்கு ஆராய்வோம்.

டீசலுக்கு அப்பெயர் வந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 2012-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. டீசல் விலையை அரசு தாங்கிப் பிடித்திருந்த காலம் அது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இடைவெளி சுருங்கிச் சுருங்கி, அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் 8 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. விலை மாறிற்று, தரகரின் பேச்சு மாறவில்லை.

ஆதலின் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று கொள்வோம். ஒரே அளவுள்ள சிறு கார் பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீசலில் 20 கிலோமீட்டரும் ஓடுமாயின், கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் 2 ரூபாய். விளாத்திகுளம் பக்கத்து உறுப்பினர் ஒருவர் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கலியாணங்களுக்குமாக மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுவார் என்றால், ஆண்டு முழுவதற்கும் அவருக்கு மிச்சம் 9,600 ரூபாய். அதே வயதுள்ள பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டிக்கு 80,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அத்தொகையை மீட்க எட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் வண்டியின் ஆயுளே முடிந்துவிடலாம். இன்னொரு புறம், நெசவாளர் நால்வர் கூட்டாக வாங்கி, வாரந்தோறும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குச் சேலைக் கட்டுகளுடன் சென்று திரும்பி, பிற பயணங்களும் சேர்த்து மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால், ஆண்டுக்கு 36,000 ரூபாய் மிச்சம். இரண்டே கால் ஆண்டில் கூடுதல் விலை திரும்பிவிடும். மாதம் 1,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுபவர் பழைய டீசல் வண்டியின் பக்கம் போகாதிருப்பதே நலம் என்பது நமது கருத்து. மாதம் இருமுறை மட்டும் வண்டி தேவைப்படுபவருக்கு வாடகைக் காரே மலிவு.

இக்கணக்கில் பழுதுச் செலவு சேரவில்லை. பழைய அம்பாசிடர் டீசலின் எஞ்சினை ஊர் மெக்கானிக் மரத்தடியில் பிரித்து மாட்டினார். இப்போதைய டீசல் எஞ்சினில் எண்ணெய், வளிமண்டலத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இன்ஜெக்டர் வழியே பீய்ச்சப்படுகிறது. அதன் துளைகளோ மயிரிழை போன்றவை. டிராக்டருக்கென்று வீட்டில் பீப்பாயில் வைத்திருக்கும் டீசலைக் காருக்கும் ஊற்றும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. பீப்பாயின் அடியில் தங்கும் நீரும் கரிசல் தூசியும் இன்ஜெக்டர்களைக் கெடுத்துவிடும். நான்கையும் மாற்ற நேர்ந்தால் பல ஆண்டு மிச்சமும் ஒரே நாளில் போய்விடும்.

எந்த வண்டி என்று கேட்போருக்கு ஒரு குறிப்பு. மாருதி ஸ்விஃப்ட், ஃபியட் புண்டோ ஆகிய இரண்டின் டீசல் வகைகளிலும், டாடா விஸ்டாவின் டீசல் வகைகள் சிலவற்றிலும் இருந்தது ஃபியட்டின் 1,248 சி.சி. எஞ்சினே. ஆகவே உதிரிப் பாகமும் வேலை தெரிந்த ஆளும் எளிதில் கிடைக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதன் பின்வந்த டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நான்கு வழிச் சாலையில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓடினால்தான் அக்கரி எரிந்து நீங்கும். வீட்டுக்கும் கடைவீதிக்கும் மட்டுமே போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

வண்டியைப் பார்க்கும் முறைக்கு வருவோம். நாமறிந்த விவசாயி ஒருவர், பங்குனி வெயிலில் நண்பகல் வேளையில் ஒரு காரைப் பார்த்தார். ஒரே சாவியில் எஞ்சின் கிளம்பியது, முன்பணம் கொடுத்துவிட்டார். மார்கழியில் விடியற்காலையில் பிரசவ வலி கண்ட மகளை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பியபோது, வண்டி அசையவில்லை. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு வேன் கிடைத்தது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை அழுத்திச் சூடேற்றியே எண்ணெய் எரிகிறது. அழுத்தம் குறைந்த எஞ்சின் வெயிலில் கிளம்பும், குளிரில் கிளம்பாது. ஆகையால் முன்னறிவிப்பின்றி விடியற்காலையில் செல்லுங்கள். முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மற்றொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

கிளம்பிய பின் புகையைக் கவனிக்க வேண்டும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. விடாது வரும் கரும்புகை, இன்ஜெக்டரிலோ டர்போவிலோ காற்று வடிகட்டியிலோ கோளாறு என்பதைக் காட்டும். ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா, டீசலில் அது இயல்பு. பால் கலந்தாற்போல் இருந்தால்தான் அஞ்ச வேண்டும். கரிசல் மண் மழையில் சக்கரத்தின் மேல்வளைவுகளில் அப்பிக்கொண்டு, காய்ந்ததும் கல்லாக இறுகி ஈரத்தை உள்ளே காக்கும். துரு அங்கேதான் தொடங்கும். குனிந்து, கையால் தட்டிப் பாருங்கள். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பற்க. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொன்னால் பழைய பதிவு தெரியும். முன்பு டி போர்டாக ஓடிய வண்டியா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. ஆகவே 13 ஆண்டு ஆன வண்டியின் மலிவில் இச்செலவும் அடங்கியிருக்கிறது. வெளிமாநில வண்டியானால் தடையில்லாச் சான்றும் இங்கு மீண்டும் வரியும் தேவை. ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், படிவம் 35 வழியாக அது நீக்கப்படாமல் முழுப்பணத்தைக் கொடுக்கலாகாது. 29, 30 ஆகிய படிவங்களில் கையொப்பம் வாங்கி, 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். காப்பீட்டையும் அதே கெடுவுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டியை விற்கும் உறுப்பினர்களும் இதைக் கவனிப்பார்களாக: விற்ற பின்னும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.