பெயர் வைக்காத காற்று

கத்திரி வெயிலில் மதியத்துக்கு மேல் கல்வராயன் மலைப் பக்கம் கறுத்தால், கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரக் காலனிகளில் நாங்கள் கூரைமேல் கல் ஏற்றத் தொடங்கிவிடுவோம். இருந்தும் சூறைக்காற்று அரை மணி நேரம் அடித்தால் சிமெண்ட் ஷீட் பறந்துவிடும். அரிசி நனையும். டிரங்குப் பெட்டியில் இருக்கும் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழும் நனையும். அதுதான் பெரிய நட்டம். மலைமேல் பழங்குடி மக்களின் மரவள்ளி சாயும். கம்பி அறுந்தால் ஊர்த்தெருவில் அன்றிரவே விளக்கு எரியும், எங்களுக்கு மூன்றாம் நாள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அப்போது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என அரசு அறிவித்தது. கோடைக் காற்றுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை, வீடுவீடாகக் கணக்கெடுக்கவும் வருவதில்லை. நாமாகப் போய்க் கேட்டால், “பட்டா இருக்கா?” என்கிறார்கள். புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் பட்டா ஏது? அதைக் கொடுக்க வேண்டியவர்களே அதைக் கேட்கிறார்கள்!

ஷீட்டை மறுபடி ஏற்றுமுன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளே, தெருவில் எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். பட்டா கேட்டும் தனியாக ஒன்று எழுதுங்கள்.