ஏடனின் பெயரில் ஒரு செடி

வெள்ளவத்தையில் என் மகளின் தொடர்மாடி வீட்டுப் பல்கணியில் ஒரு ‘பாலைவன ரோஜா’ இருந்தது. போன மே மாத மழையோடு அடி அழுகிச் செத்துப்போனது. “நாளாந்தம் தண்ணி ஊத்தினேனே வாப்பா” என்றாள். அதுதான் மகள் காரணம் என்றேன்.

இந்தச் செடியை அதன் சொந்த ஊரில் பார்த்தவன் நான். ஓமானில், சலாலாவில் வேலை செய்த நாட்களில், மண்ணே இல்லாத பாறை வெடிப்பில் அது நிற்கும். யானைக்கால் போல வீங்கிய அடி, ஓர் இலைகூட இல்லாத கொப்பு, நுனியில் மட்டும் இளஞ்சிவப்புப் பூ. அந்த வீங்கிய அடிதான் அதன் தண்ணீர்த் தாங்கி. வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு, சேர்த்து வைத்ததில் சீவிக்கும். கொழும்பிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதற்கு மேல் நாமும் வாளியோடு போய் நின்றால் எப்படி?

1761இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆய்வுக் குழுவில் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர் யெமனுக்குப் போனார். 1763இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். குழுவில் உயிர்தப்பிய ஒரே மனிதர் நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775இல் அச்சேற்றினார். இச்செடி அந்நூலில் இருக்கிறது, அரளி இனமாக. 1819இல்தான் ‘அடீனியம்’ ஆனது. ஏடன் துறைமுகத்தின் பெயர்தான் அது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபோர்ஸ்கால் அரளி என்றது சும்மா இல்லை. இது ரோஜாவே அல்ல, அலரிக் குடும்பம். அலரிக் கொட்டை செய்யும் கொடுமை நம் நாட்டுக்குப் புதிதல்ல. இதன் பாலிலும் இதயத் துடிப்பைக் குழப்பும் அதே வகை நஞ்சு உண்டு. ஆபிரிக்க வேட்டைக்காரர் அம்பில் தடவியதும் இதைத்தான். என் பேரன் ஒருநாள் முறிந்த கொப்பை வாய்க்குக் கொண்டுபோனான். அல்ஹம்துலில்லாஹ், மகள் கண்டுவிட்டாள். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் பால் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் கைமருந்து தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் ராத்தா வீட்டுச் செடி மட்டும் பூத்துக் குலுங்குகிறது. கூரை விளிம்புக்கடியில், மழை படாமல், வெயில் மட்டும் விழும் இடம். சாடியில் பருமணலும் செங்கல் துண்டும், கீழே பெரிய ஓட்டை. ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். அடிக்கடி ஏறித் தண்ணீர் ஊற்ற முடியாது. மகள் அதில் ஒரு கொப்பு கேட்டாள். கொப்பு பிடிக்கும், ஆனால் அந்தப் பருத்த அடி அழகாக வராது. விதை முற்றட்டும் என்று காத்திருக்கிறோம்.