காருக்குள் அமைதி



சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி, பாலுசெட்டிச்சத்திரத்தின் அருகே உள்ளே திரும்பினால் வருவது எங்கள் திருப்புட்குழி. சடாயு என்னும் புள்ளுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இதுவென்று தலபுராணம் கூறும். இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இவ்வூரில்தான் என்பது மரபு. அக்காலத்தில் பாடம் கேட்டோருக்கு இடையூறு செய்திருக்கக்கூடியவை காக்கையும் குயிலுமே. இன்றோ, நள்ளிரவிலும் நெடுஞ்சாலையின் இரைச்சல் வயல்களைக் கடந்து வந்து நம் திண்ணையில் அமர்ந்துகொள்கிறது. வெளியே இருப்போருக்கே இந்நிலை என்றால், வண்டிக்குள் அமர்ந்து செல்வோரின் நிலை என்ன?

என்னிடம் படித்த ஓர் இளைஞர் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிவருகிறார். நோயாளிகளை வேலூருக்கும் சென்னைக்கும் அழைத்துச் செல்வதே அவர் தொழிலில் பெரும்பகுதி. ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "ஐயா, ஓடும்போது வண்டி முழுவதும் அதிர்கிறது. பின்னால் படுத்துவரும் பெரியவர்கள் கண்மூட முடியவில்லை என்கிறார்கள். கார் முழுவதும் ஓசை அடக்கும் தகடு ஒட்டுவதற்குக் கடையில் சொல்லும் தொகை என் இரண்டு மாத வருவாய்க்கு மேல். செலவைக் குறைக்க எண்ணி, கூரைக்கு ஒட்டும் தார்த் தகட்டை வாங்கிக் கதவுக்குள் ஒட்டினேன். சித்திரை வெயிலில் அது இளகி வழிந்தது. தார் நாற்றத்தால் ஒரு நோயாளி அம்மாள் வழியெல்லாம் வாந்தியெடுத்தார்" என்று வருந்தினார். "தம்பி, பொருளை வாங்குவதற்கு முன் ஓசையின் இயல்பை அறிந்துகொள்வோம்" என்றேன். அன்று அவரோடு பேசியவற்றையே இன்று உங்களுக்கும் கூறுகிறேன்.

காருக்குள் வரும் ஓசை ஒரே வகையினது அன்று. எஞ்சின் முழக்கம், சக்கரம் சாலையில் உராயும் இரைச்சல், காற்றுக் கிழிபடும் சீறல், மெல்லிய தகடுகள் அதிர்ந்து எழுப்பும் கடகடப்பு என அது பலவகைப்படும். இவற்றுட் சில உலோகத்தின் வழியே அதிர்வாக வந்து உள்ளே ஓசையாக மாறுகின்றன. சில காற்றின் வழியே இடுக்குகளில் நுழைகின்றன. நோய் பலவாயின் மருந்தும் பலவாதல் வேண்டும் அன்றோ? அம்மருந்துகள் மூன்று: அதிர்வை அடக்குதல், ஓசையைத் தடுத்தல், ஓசையை உறிஞ்சுதல். ஒன்றுக்குரிய பொருளை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதே பெரும்பாலோர் செய்யும் பிழை.

முதலில் அதிர்வை அடக்குதல். உணவுத் தட்டு ஒன்றை விளிம்பில் பிடித்துத் தட்டுங்கள், கணீரென ஒலிக்கும். அதன் நடுவில் ஒரு பிடி பிசைந்த மாவை அப்பிவிட்டுத் தட்டுங்கள்; பொத்தென்று ஓய்ந்துவிடும். மாவு அதிர்வின் ஆற்றலை வாங்கிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. தோல்மீது அப்பும் பசை அதிர்வின் போக்கையே மாற்றும் என்பதை நம் மிருதங்கக் கலைஞர்கள் நெடுங்காலமாக அறிவர். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பிக் கனத்த நாதத்தைப் பெறுகின்றனர். வலந்தலையின் கருஞ்சோறோ நாதத்தை ஒழுங்கு செய்கிறது. இதன் அறிவியலை ஆராய்ந்து சர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டிலேயே 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டார்.

காருக்கென விற்கப்படும் பியூட்டில் ரப்பர்த் தகடு இந்த மாவின் வேலையைச் செய்வது. அதன் ஒரு பக்கம் ஒட்டும் தன்மையுடையது. மறுபக்கத்தில் அலுமினியத் தாள் இருக்கும். அத்தாள் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. கார்த் தகடு வளையும்போது, வளைய மறுக்கும் அலுமினியத்துக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர் இழுபட்டு ஆற்றலைத் தின்றுவிடுகிறது. ஆகவே, தகடு முழுவதையும் மூடவேண்டிய தேவை இல்லை. மிகுதியாக அதிரும் நடுப்பகுதியில், நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை ஒட்டினாலே பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். செலவு குறையும் முதல் வழி இது. கூரைக்குரிய தார்த் தகடு விலை மலிவுதான். ஆனால் வெயிலில் நிறுத்திய காரின் தகடு 60 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறும். அச்சூட்டை அத்தார் தாங்காது.

இரண்டாவது, தடுத்தல். இதற்குக் கனமே மருந்து. தடுப்பின் கனத்தை இருமடங்காக்கினால் ஓசை ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். இங்கே டெசிபெல் கணக்கைச் சற்று விளங்கிக்கொள்ளுங்கள். 10 டெசிபெல் குறைந்தால் ஓசையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். ஆயினும் நம் செவிக்கு அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகவே தோன்றும். ஆற்றல் பாதியாவது 3 டெசிபெல் குறைவுதான். செவி அதனை அரிதிலேயே உணரும். "ஓசையின் ஆற்றலைப் பாதியாக்கும்" என்று ஒரு பொருளை விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்கியவருக்குச் சொல்லத்தக்க பயனும் இல்லை!

தடுப்பில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளியாக இருந்தால், எஞ்சிய பகுதி எத்துணைக் கனமாயினும் 20 டெசிபெல்லுக்கு மேல் குறைக்க இயலாது. எனவே தகடு வாங்குவதற்கு முன் கதவின் ரப்பர் விளிம்பைச் சோதிக்க வேண்டும். கதவிடையே ஒரு தாளை வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வழுக்கி வந்தால், அவ்வழியே காற்றும் ஓசையும் தடையின்றி உட்செல்லும். புதிய ரப்பர் விளிம்பு இட்டால் மழைநீரும் புகாது.

மூன்றாவது, உறிஞ்சுதல். அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895ஆம் ஆண்டு ஒரு விரிவுரை மண்டபம் பேச்சு விளங்காதபடி எதிரொலித்தது. அதனைச் சீர்செய்யும் பணி வாலசு சாபைன் என்னும் இளம் ஆசிரியரிடம் விடப்பட்டது. அவர் அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து, சிறிது சிறிதாகப் பரப்பி, ஓசை எவ்வளவு நேரத்தில் ஓய்கிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்னும் துறை பிறந்தது அந்த மெத்தைகளிலிருந்துதான். பஞ்சு, சணல், தென்னை நார் ஆகியவற்றின் நுண்ணிய வழிகளில் காற்று உராய்ந்து தன் ஆற்றலை இழக்கிறது.

ஆனால் உறிஞ்சும் பொருளுக்குத் தடிமன் வேண்டும். வினாடிக்கு 4000 அதிர்வுடைய ஓசையின் அலைநீளம் சுமார் எட்டரைச் சென்டிமீட்டர். ஒரு விரற்கடைக் கம்பளம் அதனை ஓரளவு விழுங்கும். 100 அதிர்வுடைய எஞ்சின் முழக்கத்தின் அலைநீளமோ 3.4 மீட்டர், அதன்முன் மெல்லிய கம்பளம் யானைமுன் இட்ட துரும்பு போன்றதே. முட்டைத் தட்டுகளை ஒட்டினால் ஓசை நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். அவற்றில் கனமும் இல்லை, தடிமனான நாரும் இல்லை. ஆகவே பயனும் இல்லை.

இனி, குறைந்த செலவில் செய்யத்தக்க வரிசையைக் கூறுகிறேன். முதலாவது பழுது பார்த்தல். சைலன்சரில் ஓட்டை, தேய்ந்த சக்கரத் தாங்கி, தளர்ந்த திருகு ஆகியவை இருந்தால் அவற்றைச் சீராக்க வேண்டும். இஃது ஓசையைப் பற்றியது மட்டுமன்று, உயிரைப் பற்றியதுமாகும். புகைக்குழாய் கசிந்தால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உள்ளே வரக்கூடும். அக்கசிவை நமக்கு அறிவிப்பது அதன் இரைச்சலே. அதனைக் கம்பளத்தால் மூடுவது, எச்சரிக்கும் காவற்காரன் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். இரண்டாவது ரப்பர் விளிம்பு. மூன்றாவது, கதவிலும் பின்சக்கர மேற்பகுதியிலும் அளவாகப் பியூட்டில் தகடு. நான்காவது, தரையில் தடித்த கம்பளமும் அதன்மேல் கனத்த ரப்பர் விரிப்பும். கீழே உள்ள மென்மை அதிர்வை ஏற்க, மேலே உள்ள கனம் ஓசையைத் தடுக்கும்.

செய்யத்தகாதன சிலவும் உள. கதவின் அடியில் நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் ஐப்பசி மழையில் நீர் தேங்கித் துருப்பிடிக்கும். நீரைக் குடிக்கும் பஞ்சுப் பொருளைக் கதவுக்குள் வைக்காதீர்கள். பஞ்சையும் நாரையும் எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் அருகே இடவே கூடாது, தீப்பற்றும்.

என் மாணவர் இவ்வரிசைப்படியே செய்தார். சைலன்சரில் ஓட்டை இருந்தது. அதனைப் பற்றவைத்ததுமே இரைச்சலில் பெரும்பகுதி போயிற்று. எஞ்சியவற்றுக்கு ஆன செலவு கடையில் கேட்ட தொகையில் சிறு பங்கே. சென்ற மாதம் வேலூரிலிருந்து திரும்பிய ஒரு பாட்டியம்மாள் வழிநெடுகத் தூங்கிக்கொண்டு வந்தாராம். அதனைச் சொன்னபோது அவர் முகத்தில் கண்ட நிறைவு எனக்கும் நிறைவளித்தது.

இறுதியாக ஒரு சொல். காருக்குள் நாம் அமைதி தேடும்போது வெளியில் இருப்போரை மறத்தல் ஆகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பு கட்டியுள்ளன. பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன. அங்கு ஆரனை அழுத்தாதிருக்க எந்தத் தகடும் வாங்க வேண்டியதில்லை. காசு செலவின்றிக் கிடைக்கும் ஓசை அடக்கி அதுவே. நாளை வண்டி ஓட்டப்போகும் நீங்கள் இதனை இன்றே மனத்திற் கொள்ளுங்கள்.