உப்புக் கணக்கும் இரத்த அழுத்தமும்

"எனக்குக் கொஞ்சம் பி.பி. இருக்குங்க" என்று நம்மவர்கள் சொன்னால், "உயிரோடு இருக்கிற எல்லாருக்கும் அது இருக்கு" என்று சிரிக்கும் மருத்துவர்கள் உண்டு. இரத்தம் ஓட அழுத்தம் வேண்டும். கேள்வி, அது எவ்வளவு என்பதுதான். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் படும் விசை மேல் எண். இதயம் தளர்ந்திருக்கும்போது மிஞ்சி நிற்கும் விசை கீழ் எண். கன்னடத்தில் இதை 'ரக்தத்தொத்தட' என்கிறார்கள். 'ஒத்தடம்' என்றால் நமக்குச் சுளுக்கிய காலுக்குத் தவிட்டு மூட்டை வைப்பதுதான் ஞாபகம் வரும். சாமராஜநகர் ஆஸ்பத்திரியில் முதன்முறை இந்தச் சொல்லைக் கேட்டு, "ரத்தத்துக்கு எதுக்குங்க ஒத்தடம்?" என்று கேட்ட தாளவாடிப் பெரியவர் ஒருவரை நான் அறிவேன். மொழிகள் இரண்டும் அக்கா தங்கைகள் என்றாலும் புழக்கம் வேறு வேறு.

நம் நாட்டில் பொதுவாக 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-ல் இந்த வரம்பை 130/80 ஆக இறக்கின. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தி, 2023-ல் வெளியான நாடு தழுவிய ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. மூன்று பேர் உள்ள வீட்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் அந்த ஒருவருக்கே பல சமயம் அது தெரியாது.

"நாங்க மலைப்பக்கத்துக்காரங்க, நல்ல காத்து, நல்ல தண்ணி, எங்களுக்கு என்ன வரப்போவுது?" என்று இங்கே அடிக்கடி கேட்கிறோம். பிளிகிரிரங்கன மலையில் சோலிகர் மக்கள் வாழ்கிறார்கள். 1981-ல் டாக்டர் சுதர்சன் அங்கே விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். கிழங்கும் கீரையும் தேனும் உண்டு, நாளெல்லாம் நடந்து வாழ்ந்த மக்கள் அவர்கள். ஆனால் கர்நாடகமும் தமிழ்நாடும் உட்பட ஒன்பது மாநிலப் பழங்குடியினரிடம் 2007-08-ல் எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு உயர் அழுத்தம் தென்பட்டது. சந்தை உப்பும் புகையிலையும் மலையேறி வெகுகாலம் ஆயிற்று. காற்று நன்றாக இருந்தால் மட்டும் போதாது.

இன்னொரு சமாதானம், "எல்லாம் பொறப்பு" என்பது. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் பழைய பிரசவப் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அங்கே பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்துப் பரிசோதித்த ஆராய்ச்சிகள் உலகப் புகழ் பெற்றவை. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் கூடுமா என்றும் பார்த்தார்கள். 2000-ல் வெளியான முடிவில், மைசூருக்காரர்களிடம் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் போட முடியாது.

இனி மாத்திரைப் பேச்சு. "ஒரு தரம் ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே" என்ற பயம் நம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் "முதல்ல சாப்பாட்டுல பார்த்துக்கலாம்" என்கிறோம். அது தவறில்லை, ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. அழுத்தம் 140-லிருந்து 159 வரை, கீழ் எண் 90-லிருந்து 99 வரை இருந்து, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், முன்பு வந்த பக்கவாதம் எதுவும் இல்லை என்றால், மூன்று மாதம் வாழ்க்கை முறையை மாற்றிப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். 160/100-ஐத் தாண்டியவர்களும், மேற்சொன்ன நோய் உள்ளவர்களும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய்க் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி வந்தால், அது ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நேரம்.

இங்கே ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 140/90 உறுதியானாலே மருந்து தொடங்கலாம் என்கிறது. 2017-ல் தொடங்கிய இந்திய அரசின் உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டமும் அதே வழியில்தான் போகிறது. 'மூன்று மாதம் கழித்து வா' என்று அனுப்பினால் பலர் திரும்பி வருவதே இல்லை. குவாரி வேலைக்கும் செங்கல் சூளைக்கும் ஊர் மாறிப் போகிறவர்களிடம் இது இன்னும் மோசம். அடுத்த முறை அவர்களை ஆஸ்பத்திரியில் பார்ப்பது வாய் கோணிய பிறகாக இருக்கும். என் அபிப்பிராயம் இதுதான்: தேதி குறித்துத் திரும்பி வருகிறவருக்கே அந்த மூன்று மாதம் உரியது. வர மாட்டோம் என்று மனசுக்குத் தெரிந்தால் மாத்திரையை அன்றைக்கே வாங்கிக்கொள்வது நல்லது.

மாற்ற வேண்டியவற்றில் முதலாவது உப்பு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று வளர்ந்தவர்கள் நாம். குடிபெயர்ந்து வந்த ஊரோ நமக்குச் சளைத்ததல்ல. இங்கே ஊறுகாய்க்குப் பெயர் உப்பினகாயி, உப்புமாவுக்குப் பெயர் உப்பிட்டு, ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் பருப்புச் சாறுக்குப் பெயர் உப்பேசரு. பெயரிலேயே உப்பு! நாம் சேர்த்துக் கொண்டு வந்தவை அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு. அப்பளத்தில் உப்பு மட்டுமா? அதில் போடும் அப்பளக்காரமும் சோடியம்தான். ஆப்ப சோடாவும் அப்படியே.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. தினமும் தராசு வைத்து அளக்க யாராலும் முடியாது. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதி எழுதி வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம் போதும். ஒரு கிலோ பொட்டலம் இருபது நாளில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 12.5 கிராம் போகிறது, அளவைவிட இரண்டரை மடங்கு. பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் போகும், உண்மை. ஆனால் ஓட்டல் சாம்பாரும், பேக்கரி ரொட்டியும், மிக்ஸரும், வாங்கி வந்த ஊறுகாயும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. மகளிர் மன்றக் கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னபோது, "நாங்க கம்மியாத்தான் போடறோம்" என்றவர்கள் அடுத்த மாதம் பொட்டலத்தோடு வந்து அதிசயப்பட்டார்கள்.

இந்துப்பு நல்லதாமே என்று கேட்பார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. கல் உப்பும் அப்படியே. கடையில் வரும் 'சோடியம் குறைந்த உப்பு' வேறு சாதி. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்து பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்கள், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடக் கூடாது. அவர்களுக்கு இளநீரும் யோசித்துக் குடிக்க வேண்டிய பொருள்தான். வாங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

திடீரென்று உப்பைப் பாதியாக்கினால் வீட்டில் கலகம் வரும். வாரத்துக்குக் கொஞ்சம் குறைத்தால் நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். சோற்றிலும் மோரிலும் உப்புப் போடாமல், குழம்பில் மட்டும் போட்டாலே கணிசமாகக் குறையும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவை உப்பின் இடத்தை ஓரளவு நிரப்பும். 1988-ல் வெளிவந்த 'இன்டர்சால்ட்' ஆய்வு, உலகெங்கும் 52 இடங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் சோதித்தது. பிரேசில் காட்டு யனோமாமி மக்கள் உப்பே சேர்க்காதவர்கள். அவர்களுக்கு வயது ஏறியும் இரத்த அழுத்தம் ஏறவில்லை. வயசானால் பி.பி. ஏறத்தான் செய்யும் என்ற நம் நினைப்பை இது அசைத்துவிட்டது.

உப்பைக் குறைப்பது ஒரு பாதி. காய், பழம், கீரை, பருப்பு, கொழுப்பு நீக்கிய பால், மோர் இவற்றைக் கூட்டுவது மறு பாதி. 1997-ல் அமெரிக்காவில் 459 பேரிடம் நடந்த 'டேஷ்' ஆய்வில், இப்படிச் சாப்பிட்ட உயர் அழுத்தக்காரர்களுக்கு எட்டே வாரத்தில் மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. ஒற்றை மாத்திரைக்குச் சமமான பலன் அது. இறக்கம் முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்தது. கேழ்வரகு இந்த ஊரில் சல்லிசு. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் களியைத் தின்றுவிட்டு உப்பேசரைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டால் என்ன லாபம்?

மற்றவை சுருக்கமாக. ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் எண் சுமார் ஒரு புள்ளி இறங்கும். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் நாலைந்து புள்ளி இறங்கும். மது குறைந்தால் அழுத்தமும் குறையும். புகையிலை மெல்லும் பழக்கம் குழாய்களைக் கெடுப்பதால் அதை விட்டே ஆக வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும். இதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. பலமாகக் குறட்டை விட்டுத் தூங்கி, பகலில் அசதியாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூலிகைக் கேள்வி வராமல் இருக்காது. சர்ப்பகந்தா வேரை நம் நாட்டு வைத்தியர்கள் வெகுகாலமாக அறிவார்கள். மும்பை டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல் 1949-ல் அதைப் பற்றி ஆங்கில இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுக்க அழுத்தத்துக்குக் கொடுத்த ஆரம்பகால மருந்துகளில் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலும் வளரும் ஒரு செடியிலிருந்து வந்தது! ஆனால் அது மனச்சோர்வு போன்ற தொல்லை தருவதால் இன்று அதிகம் பயன்படுத்துவதில்லை. வேரைத் தாமாக அரைத்துக் குடிப்பது, அளவு தெரியாமல் மாத்திரை விழுங்குவதற்குச் சமம்.

கடைசியாக, அளக்கும் முறை. தப்பாக அளந்தால் இத்தனையும் வீண். காப்பி, பீடி, நடை எல்லாம் அரை மணி முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, காலைக் குறுக்கே போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசை மேல், இதய மட்டத்தில் வையுங்கள். பட்டை மேற்கையில் சட்டைத் துணி இல்லாமல் சுற்ற வேண்டும். குண்டான கைக்குப் பெரிய பட்டை வேண்டும், சின்னதைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் எடுத்து, தேதி போட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரிப் படியேறினாலே சிலருக்கு அழுத்தம் கூடும். அதனால் வீட்டுக் கணக்கில் 140/90-க்குப் பதில் 135/85 வரம்பு. மூன்று மாதக் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போங்கள். சராசரி இறங்கியிருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்பார். இறங்காவிட்டால் ஆம்லோடிபின் போன்ற மாத்திரை எழுதுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கும். அதோடு உப்புக் குறைப்பும் நடையும் தொடர்ந்தால், குறைந்த அளவு மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். எண் இறங்கிவிட்டது என்று அதைத் தாமாக நிறுத்திவிடாமல், அதே குறிப்பேட்டோடு மறுபடியும் போய்க் கேளுங்கள்.