பழைய கீபோர்டில் நல்ல ஸ்விட்ச்: அடையாளம் காண்பதும் கழற்றி எடுப்பதும்

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறோம். கீபோர்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அதில் நான்கு கீ வேலை செய்யவில்லை என்றால் உடனே பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுகிறோம். அப்படிப் போடுகிற கீபோர்ட்களில் சில, இன்று புதிதாக வாங்குவதைவிட உறுதியானவை. அவற்றில் உள்ள ஸ்விட்ச்களைக் கழற்றி வேறு கீபோர்டுக்குப் பயன்படுத்தலாம். எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும்.

மெம்பிரேனா, மெக்கானிக்கலா?

இன்று கம்ப்யூட்டருடன் சேர்த்துத் தரப்படும் கீபோர்ட்களில் பெரும்பாலானவை மெம்பிரேன் வகை. கீகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கும். அதற்குக் கீழே மின்சாரம் கடத்தும் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். கீயை அழுத்தினால் குமிழ் அமுங்கி, தாள்கள் ஒன்றையொன்று தொடும். இதில் தனி ஸ்விட்ச் என்று எதுவும் கிடையாது. கழற்றி எடுக்கவும் ஒன்றும் இல்லை.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் ஒரு தனி ஸ்விட்ச் உண்டு. அதற்குள் ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் நகரும் தண்டு, உலோகத் தகடுகள் ஆகியவை இருக்கும். செர்ரி நிறுவனம் தன் ஸ்விட்ச் ஒன்று 5 கோடி அழுத்தல்களைத் தாங்கும் என்று பல ஆண்டுகளாகக் குறிப்பிட்டு வந்தது. எனவே கீபோர்டின் கேபிளோ சர்க்யூட்டோ கெட்டுப்போனாலும், உள்ளே உள்ள ஸ்விட்ச்கள் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓசையை மட்டும் நம்ப வேண்டாம். சில ரப்பர் குமிழ் கீபோர்ட்களும் டக் டக் என்று ஒலிக்கும். ஒரு கீயின் மூடியைக் கழற்றிப் பார்ப்பதுதான் சரியான வழி.

மூடிக்கு அடியில் என்ன தெரிகிறது?

ஓரத்தில் உள்ள சிறிய கீ ஒன்றை நேராக மேல் நோக்கி இழுங்கள். சாய்த்து நெம்பினால் தண்டு உடையலாம். இப்போது கீழே தெரிவதைக் கவனியுங்கள்.

கூட்டல் குறி (+) போன்ற தண்டு: இது செர்ரி எம்எக்ஸ் அல்லது அதே அமைப்பில் வந்த வேறு நிறுவன ஸ்விட்ச். செர்ரி ஜெர்மனியைச் சேர்ந்த நிறுவனம். ஸ்விட்சின் மேல் செர்ரி என்ற பெயர் ஆங்கிலத்தில் பதிந்திருக்கும். தண்டின் நிறமே வகையைச் சொல்லிவிடும். நீலம் என்றால் அழுத்தும்போது கிளிக் ஓசை வரும். பழுப்பு என்றால் ஓசையின்றி லேசாக ஒரு தடுப்பு உணரப்படும். கறுப்பு தடுப்பின்றி நேராக இறங்கும். ஆனால் சற்று கடினமானது. சிவப்பு அதே போல் இறங்கும், இலகுவானது. பழைய கீபோர்ட்களில் சிவப்பு அரிது. ஸ்பேஸ் பாருக்கு அடியில் மட்டும் சாம்பல் நிறம் இருந்தால் குழம்ப வேண்டாம். பெரிய கீ என்பதால் அங்கே கடினமான ஸ்பிரிங் உள்ள ஸ்விட்ச் வைத்திருப்பார்கள்.

நீள்சதுரப் பள்ளம் உள்ள தண்டு: இது பெரும்பாலும் ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவன ஸ்விட்ச் அல்லது அதன் நகல். 1987ல் வந்த ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டில் இருந்தவை ஆல்ப்ஸ் ஸ்விட்ச்களே. இங்கே செர்ரியின் நிறக் கணக்கு செல்லாது. உதாரணமாக, செர்ரி கறுப்பில் தடுப்பு இல்லை. ஆல்ப்ஸ் கறுப்பில் உண்டு.

பெரிய ஸ்பிரிங் மட்டும்: குழாய் போன்ற ஓட்டைக்குள் ஒரு ஸ்பிரிங் தெரிந்தால், அது ஐபிஎம் மாடல் எம் வகையாக இருக்கலாம். 1985 முதல் வந்தவை இவை. பின்புற லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். இதில் ஸ்பிரிங்குக்கு அடியில் இருப்பது மெம்பிரேன் தாள்தான். தனி ஸ்விட்ச்சாகக் கழற்ற முடியாது. பிளாஸ்டிக் ரிவிட்களை உடைத்தால்தான் உள்ளே போக முடியும். ஆகவே இதைப் பிரிக்காமல் முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். விரும்பி வாங்குபவர்கள் இன்றும் உண்டு.

நம் ஊரில் எளிதாகக் கையில் கிடைப்பது, சென்னை நிறுவனமான டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் கோல்டு கீபோர்ட். பில்லிங் கவுண்டர்களிலும் டிடிபி சென்டர்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். செர்ரி நீல ஸ்விட்ச்சால் பெயர் பெற்ற கீபோர்ட் இது. ஆனாலும் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு கீயைக் கழற்றி ஸ்விட்ச்சில் உள்ள எழுத்தைப் படித்துவிடுங்கள்.

கழற்றத்தான் வேண்டுமா?

என்னிடம் யாராவது பழைய மெக்கானிக்கல் கீபோர்ட் கொண்டுவந்தால் நான் முதலில் செய்வது, நோட்பேட் திறந்து எல்லாக் கீகளையும் ஒரு முறை தட்டிப் பார்ப்பதுதான். ஒன்றிரண்டு கீ மட்டும் பழுது என்றால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு முறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறது என்றால், உள்ளே உள்ள தகடு அழுக்கடைந்தோ தேய்ந்தோ இருக்கும்.

இதற்கு மாற்று ஸ்விட்ச் அதே கீபோர்டிலேயே உள்ளது! ஸ்க்ரோல் லாக், பாஸ் ஆகிய கீகளை எத்தனை முறை அழுத்தியிருப்பீர்கள்? அவற்றின் ஸ்விட்ச்கள் ஏறக்குறையப் புதியவை. தேய்ந்த ஸ்விட்ச்சை அங்கே மாற்றிவிட்டு, அங்கிருப்பதை இங்கே பொருத்துங்கள். தமிழ்99 முறையில் தட்டுபவர்களுக்கு, புள்ளி வைக்கும் எஃப் கீ அதிகம் உழைக்கும் கீகளில் ஒன்று. அதை முதலில் கவனியுங்கள்.

எல்லாக் கீகளும் செயலிழந்திருந்தால் கேபிளையும் சோதித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் உயிர் வரவில்லை என்றால்தான் ஸ்விட்ச்களைக் கழற்ற வேண்டும்.

கழற்றும் முறை

1. கீபோர்டின் இணைப்பை எடுங்கள். வட்ட வடிவ பிஎஸ்2 பிளக் என்றால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்த பிறகே பிடுங்க வேண்டும்.

2. கீகள் இருக்கும் வரிசையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மூடிகளைக் கழற்றுங்கள். ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் ஆகியவற்றுக்கு அடியில் கம்பி இருக்கலாம். மெதுவாகத் தூக்கி, கம்பியை விடுவித்து எடுங்கள்.

3. பின்புற ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மூடி வரவில்லை என்றால் லேபிளுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. ஸ்விட்ச்கள் உலோகத் தகடு ஒன்றில் மாட்டப்பட்டு, கீழே சர்க்யூட் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஒரு ஸ்விட்ச்சுக்குப் பொதுவாக 2 கால்கள். 104 கீ என்றால் 208 இடங்களில் சால்டரை நீக்க வேண்டும். சால்டரிங் அயர்ன், சால்டர் உறிஞ்சும் பம்ப் இரண்டும் தேவை. பழைய சால்டர் சுலபத்தில் உருகாது. நான் ஒவ்வொரு காலிலும் முதலில் சிறிது புதிய சால்டரை வைத்து உருக்குவேன். பிறகு பம்பால் இழுத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஒரே இடத்தில் 2, 3 விநாடிக்கு மேல் சூடு வைக்க வேண்டாம். போர்டில் உள்ள தாமிரம் பெயர்ந்துவிடும். ஸ்விட்சின் பிளாஸ்டிக்கும் இளகும்.

5. கால்கள் சுதந்திரமாக அசைந்தால், ஸ்விட்சின் இரு பக்கக் கொக்கிகளை அழுத்தி மேல் நோக்கித் தள்ளுங்கள். வரவில்லை என்றால் இழுக்க வேண்டாம். எங்கோ சால்டர் மீதம் இருக்கிறது.

ஆல்ப்ஸில் ஒரு வசதி உண்டு. சால்டரை நீக்காமலே, இரு பக்கக் கொக்கிகளை நெம்பி மேல் மூடியைத் திறந்து, தண்டையும் ஸ்பிரிங்கையும் சுத்தம் செய்யலாம். தூசி ஆல்ப்ஸுக்கு ஆகாது. நகரும்போது கரகரவென்று ஆகிவிடும்.

6. எடுத்த ஸ்விட்ச்சை மல்டிமீட்டரில் சோதியுங்கள். அழுத்தும்போது மட்டும் பீப் ஒலி வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கவனம் தேவை

பழைய சால்டரில் ஈயம் கலந்திருக்கும். ஐரோப்பிய யூனியனில் 2006 ஜூலை முதல்தான் எலக்ட்ரானிக் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. எனவே ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாப்பிடும் மேஜையில் இந்த வேலை வேண்டாம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

எதற்குப் பயன்படும்?

செர்ரி வகை ஸ்விட்ச்கள், அதே அமைப்புள்ள வேறு கீபோர்டைப் பழுது பார்க்க உதவும். சால்டர் இல்லாமலே ஸ்விட்ச்சைச் செருகும் ஹாட் ஸ்வாப் போர்ட்களிலும் பொருந்தும். ஆனால் கால்களில் ஒட்டியுள்ள சால்டரைச் சுத்தமாக நீக்கி, நேராக்கிய பிறகே செருக வேண்டும். இல்லையென்றால் சாக்கெட் விரிந்து பாழாகிவிடும். ஆல்ப்ஸ் ஸ்விட்ச் இந்தப் போர்ட்களிலும் பொருந்தாது. செர்ரி வகை மூடிகளும் அதில் ஏறாது. அதற்குரிய மூடிகளையும் தகட்டையும் சேர்த்தே பாதுகாத்து வையுங்கள்.

கழற்றிய ஸ்விட்ச்களை நிறவாரியாகப் பிரித்து, மூடி உள்ள டப்பாவில் போட்டு, எந்தக் கீபோர்டில் எடுத்தது என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை ஒரு கீ பழுதானால், கீபோர்டை மாற்றாமல் ஒரு ஸ்விட்ச்சை மட்டும் மாற்றினால் போதும்.