நாளைய படைவீரனின் தேவையை எழுதுவது யார்?

பாதுகாப்பு அமைச்சகம் புத்தாக்கங்களுக்காக நடத்தும் ஐடெக்ஸ் போட்டிகளில் ஒவ்வொரு சுற்றின் கெடுவும் நெருங்கும் நாட்களில், திருச்சியை அடுத்த துவாக்குடியில் பட்டறை நடத்துபவர்களிடமிருந்தும் திருவரங்கத்தில் குடியிருந்து கொண்டு பொறியியல் படிக்கும் மாணவர்களிடமிருந்தும் வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் வெவ்வேறு சொற்களில் வெளிப்படுகிறது. இராணுவம் அறிவிக்கும் ஆராய்ச்சி முன்னுரிமைகளில் எதை நம்பிப் பணத்தையும் காலத்தையும் செலவிடுவது, கேட்டதைச் செய்து கொடுத்தால் அது வாங்கிக்கொள்ளப்படுமா என்பதே அக்குழப்பம். ஒன்றோடொன்று தொடர்புடைய, ஆனால் எடை வேறுபட்ட மூன்று ஆவணங்களை ஒன்றாகக் கருதுவதால் அது எழுகிறது.

முதலாவது, தொழில்நுட்ப நோக்கும் திறன் வரைபடமும் என்று அழைக்கத்தக்க ஆவணம். 2013, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் வெளியான இது, முப்படைகளும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் விரும்பக்கூடியவற்றை அணுசக்தியில் இயங்கும் விமானந்தாங்கிக் கப்பல் முதல் ஆளில்லா வானூர்தி வரை வரிசைப்படுத்துகிறது. தொழில்துறைக்கான வழிகாட்டி என்று அரசு இதைக் கூறினாலும், இதிலுள்ள எந்த வரியும் கொள்முதல் உத்தரவாதம் அல்ல என்பதால், விருப்பப் பட்டியல் என்று கொள்வதே பொருந்தும். இரண்டாவது, 2018 ஏப்ரலில் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கி வைக்கப்பட்ட ஐடெக்ஸ் திட்டத்தின் கீழ் சுற்றுதோறும் வெளியிடப்படும் சிக்கல் விவரங்கள். மூன்றாவதுதான் உண்மையான அதிகாரம் படைத்தது. அதைப் பற்றிக் கேட்டு ஒரு கடிதம்கூட வருவதில்லை.

அந்த மூன்றாவது ஆவணத்தின் பெயர் தரத் தேவைப் பட்டியல். படைத்துறை வட்டாரத்தில் ஜி.எஸ்.க்யூ.ஆர். என்றும், சுருக்கமாக க்யூ.ஆர். என்றும் வழங்குவது இதுவே. ஒரு துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் அதன் எடை எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது, எத்தனை மீட்டர் தொலைவில் இலக்கைத் தாக்க வேண்டும், எந்த வெப்பநிலையிலும் எந்த மணலிலும் சேற்றிலும் இயங்க வேண்டும் என்பவற்றை, ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்பே படைத் தலைமையகம் எழுதி உறுதி செய்துவிடுகிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு மாதிரியும் அப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் 'இணங்குகிறது' அல்லது 'இணங்கவில்லை' என்று மட்டுமே மதிப்பிடப்படுகிறது. இன்றியமையாத நிபந்தனைகளில் ஒன்றில் தவறினாலும் மாதிரி வெளியேறுகிறது. எல்லாவற்றிலும் தேறியவர்களுள் குறைந்த விலை சொன்னவருக்கு ஒப்பந்தம் கிடைக்கிறது. கேட்டதைவிட ஒருவர் சிறப்பாகச் செய்திருந்தால் அதற்கு நெடுங்காலம் மதிப்பெண்ணே இருந்ததில்லை. 2016-ஆம் ஆண்டின் கொள்முதல் நடைமுறைதான் கூடுதல் செயல்திறனுக்கு விலை ஒப்பீட்டில் சிறு சலுகை தர வழி செய்தது.

பார்ப்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இம்முறையின் சிக்கல், பட்டியல் எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. உலகச் சந்தையில் கிடைக்கும் வெவ்வேறு ஆயுதங்களின் விளம்பரக் கையேடுகளிலிருந்து ஒன்றின் எடையையும் இன்னொன்றின் தொலைவையும் மூன்றாவதன் பல்திறனையும் எடுத்து ஒரே பொருளிடம் எதிர்பார்க்கிறார்கள் என்பது இம்முறை மீது நீண்ட நாளாக இருந்துவரும் குற்றச்சாட்டு. பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கரே சில தேவைப் பட்டியல்களைச் சித்திரக்கதைப் புத்தகங்களோடு ஒப்பிட்டுக் கேலி செய்திருக்கிறார்.

இதற்கு 2011-இல் கோரப்பட்ட தாக்குதல் துப்பாக்கி ஒப்பந்தப் புள்ளியைவிடத் தெளிவான சான்று வேறில்லை. சுமார் 66,000 துப்பாக்கிகளுக்கான அந்தக் கோரிக்கை, குழலை மாற்றிக்கொள்வதன் மூலம் ஒரே ஆயுதம் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவையும் 7.62×39 மில்லிமீட்டர் தோட்டாவையும் சுட வேண்டும் என்றது. முன்னது இராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கியின் தோட்டா, பின்னது கலாஷ்னிகோவ் வகையின் தோட்டா. கிளர்ச்சியாளர்களை எதிர்கொள்ளும் பகுதியில் ஒரு குழல், எல்லைப் போரில் இன்னொரு குழல் என்பது வரைபடத்தில் அழகான சிந்தனை. ஆனால் குழல் மாறினால் தோட்டா உறை மாறும், உறை மாறினால் பூட்டின் முகப்பும் தோட்டாப் பெட்டியும் மாற வேண்டும், குறிபார்க்கும் கருவியையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். இத்தனையையும் சுமந்துகொண்டு துப்பாக்கியின் எடை 3.6 கிலோவைத் தாண்டக்கூடாது. பெரெட்டா, கோல்ட் போன்ற பெரும் நிறுவனங்களின் துப்பாக்கிகள் சோதனைகளில் கலந்துகொண்ட பிறகு, 2015-இல் அந்த ஒப்பந்தப் புள்ளியே ரத்து செய்யப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு தேவை வேறொன்றாக மாறியது: இரட்டைத் தோட்டா வேண்டாம், இலக்கை ஒரே சூட்டில் வீழ்த்தும் 7.62×51 தோட்டா போதும். அதற்காக இஷாப்பூர் தொழிற்சாலை செய்த துப்பாக்கி 2017-ஆம் ஆண்டுச் சோதனையில் தேறாததால், 2019 பிப்ரவரியில் 72,400 சிக்-716 துப்பாக்கிகள் விரைவு நடைமுறையில் வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டன. ஆறேழு ஆண்டுகளில் ஒரு படைவீரனின் அடிப்படை ஆயுதம் எந்தத் தோட்டாவைச் சுட வேண்டும் என்ற கேள்விக்கே விடை மாறிக்கொண்டிருக்க, அதை நம்பி ஓர் ஆய்வகம் பத்தாண்டுத் திட்டம் தீட்டுவது எப்படி என்று எந்த அதிகாரப்பூர்வ ஆவணமும் விளக்கவில்லை.

இவ்விடத்தில் திருச்சியின் கதை வருகிறது. 1966-இல் நிறுவப்பட்டு, நகர மக்களால் துப்பாக்கித் தொழிற்சாலை என்றே அழைக்கப்படும் படைக்கலத் தொழிற்சாலை, 7.62×39 தோட்டாவைச் சுடும் 'திருச்சி தாக்குதல் துப்பாக்கி'யைத் தானே உருவாக்கியது. இது கலாஷ்னிகோவ் வடிவமைப்பைத் தழுவியது என்பதால் முழுமையான புதிய ஆராய்ச்சி என்று கொண்டாடுவது மிகை; ஆயினும் இராணுவத்தின் பட்டியல் ஒன்றுக்காகக் காத்திராமல் செய்யப்பட்ட இது, இராணுவத்திற்கு அல்லாமல் காவல் படைகளுக்கும் துணை இராணுவப் படைகளுக்கும் உரிய ஆயுதமாகவே நின்றுவிட்டது. பின்னர் இராணுவம் தன் பெருந்தொகைத் துப்பாக்கிக்கு அதே 7.62×39 தோட்டாவைத் தேர்ந்தெடுத்தபோது, 2021 டிசம்பரில் கையெழுத்தான 6,01,427 ஏ.கே.-203 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் இயங்கும் இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனத்திற்குச் சென்றது.

ஏ.கே.-203 புதிய தலைமுறைத் துப்பாக்கி, திருச்சியினுடையது பழைய வார்ப்பு என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் கோர்வா நிறுவனத்தின் இந்தியப் பங்குகளை வைத்திருப்பவை யாவை என்று பார்த்தால் கதை வேறொரு நிறம் கொள்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யு.இ.ஐ.எல். நிறுவனத்தின் கீழும், நகரத்தின் இன்னொரு தொழிற்சாலையான ஹெச்.ஏ.பி.பி. புனேயைச் சேர்ந்த மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழும் வந்தன. இவ்விரு நிறுவனங்களுமே கோர்வாவில் பங்குதாரர்கள். அதாவது, திருச்சியின் இரு ஆலைகளுக்கும் உரிமையாளர்களாக இருப்பவர்களே, திருச்சித் துப்பாக்கியின் தோட்டாவையே சுடும் வேறொரு துப்பாக்கியை வேறோர் ஊரில் செய்யும் நிறுவனத்திலும் உரிமையாளர்கள். இதில் சட்ட மீறல் ஏதும் இல்லை. உள்நாட்டு வடிவமைப்புக்கே முதலிடம் என்று மேடைதோறும் சொல்லப்படுவதை மட்டும் இந்தப் பங்குப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது.

ஹெச்.ஏ.பி.பி. ஆலையின் அனுபவம் திருச்சித் துப்பாக்கியின் அனுபவத்துக்கு நேர்மாறானது. கன உலோகக்கலவை ஊடுருவித் திட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் பெயராகக் கொண்ட இவ்வாலை, டங்ஸ்டன் தூளையும் வேறு சில உலோகத் தூள்களையும் அழுத்தி, டங்ஸ்டன் உருகாத, ஆனால் மற்ற உலோகங்கள் உருகும் வெப்பத்தில் சுட்டு இறுக்கி, பீரங்கி வண்டியின் கவசத்தைத் துளைக்கும் அடர்ந்த தண்டுகளைச் செய்கிறது. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தில் உருவான முறை இங்கு உற்பத்தியாக மாற முடிந்ததற்கு ஒரு காரணம், கேட்கப்பட்டது ஒன்றோடொன்று முரண்படும் நாற்பது விருப்பங்கள் அல்ல, எஃகில் எத்தனை ஆழம் துளைக்க வேண்டும் என்ற இயற்பியல் கேள்வி என்பதாக இருக்கலாம்.

'நாளைய படைவீரன்' என்ற சொல்லாட்சிக்கு இப்போது வரலாம். 2000-களின் நடுவில் எஃப்-இன்சாஸ் என்ற பெயரில், துப்பாக்கி, கவசம், கணினி, தகவல் தொடர்பு அனைத்தையும் ஒரே தொகுதியாக வீரனின் உடலில் இணைக்கும் திட்டம் தீட்டப்பட்டு, 2015-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. களத்தில் வீரர்களையும் தளபதியையும் இணைக்கும் வலையமைப்பான ஒரு பாதி 2018-இல் கைவிடப்பட்டது. அதே பெயர் 2022 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் இராணுவத்திடம் ஒப்படைத்த பொருட்களின் மேல் மீண்டும் ஒட்டப்பட்டிருந்தது: ஏ.கே.-203, தலைக்கவசம், குண்டு துளைக்காத மேலுடை, குறிபார்க்கும் கருவிகள், முழங்கை மூட்டுக் காப்புகள். இவை தேவையான பொருட்களே; ஆனால் மூட்டுக் காப்பை எதிர்காலத் தொழில்நுட்பம் என்று அழைப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இத்தொகுதியில் எதைச் சேர்த்தாலும் கூடும் ஒன்று எடை. ஒரு 5.56 தோட்டா ஏறக்குறைய 12 கிராம், 7.62×39 தோட்டா 16 கிராம் அளவு, 7.62×51 தோட்டா 24 கிராம் அளவு என்பதால், 5.56-இலிருந்து 7.62×51-க்கு மாற்றும் ஒரு வரி, நூறு தோட்டா சுமக்கும் வீரனின் முதுகில் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றிவிடுகிறது. 2022-இல் 6.8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற முடிவெடுத்த அமெரிக்க இராணுவமும், வீரன் சுமக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கையைக் குறைத்தே அம்மாற்றத்தைச் சமாளிக்கிறது. மின்கலம், குடிநீர், மருந்து ஆகியவற்றின் எடையைக் குறைக்கும் ஆராய்ச்சி கண்காட்சிகளில் படம் எடுப்பதற்கு உகந்ததல்ல; ஆனால் போரின் முடிவை ஆயுதத்தைவிட வழங்கலே தீர்மானித்ததும் உண்டு. 1752-இல் திருவரங்கத் தீவில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது துப்பாக்கி தரம் தாழ்ந்ததால் அன்று, ஆங்கிலேயத் தளபதிகளான கிளைவும் லாரன்சும் அதற்கு வரவேண்டிய உணவையும் உதவியையும் வழியிலேயே தடுத்துவிட்டதால் என்பதை இவ்வூர்க்காரர்களாவது மறக்கலாகாது.

கடிதங்களில் எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் கீழே தரப்படுகின்றன.

ஐடெக்ஸ் போட்டியில் 'வெற்றியாளர்' ஆனால் கொள்முதல் ஆணை கிடைத்துவிடுமா? கிடைக்காது, மாதிரியை உருவாக்க மானியம் பெறும் தகுதி மட்டுமே கிடைக்கிறது.

மானியம் எவ்வளவு? வழக்கமான பிரிவில் ரூ.1.5 கோடி வரை, பிரைம் பிரிவில் ரூ.10 கோடி வரை, அதிதி திட்டத்தில் ரூ.25 கோடி வரை. தொகை கட்டம் கட்டமாகவே வரும், நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும்.

நிறுவனம் இல்லாத தனிநபர் விண்ணப்பிக்கலாமா? தனிநபர் கண்டுபிடிப்பாளர்களுக்கும் ஐடெக்ஸில் இடமுண்டு.

பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ. நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி இதிலிருந்து வேறானதா? வேறானது, அதன் உச்சவரம்பு ஒரு திட்டத்துக்கு ரூ.50 கோடி.

துப்பாக்கித் தொழிற்சாலை தனியார்மயமாகிவிட்டதா? இல்லை, அது முழுமையாக அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் ஆலை.

2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ரூ.3,000 கோடிக்கு மேற்பட்ட முதலீட்டு அறிவிப்பு தனியாருடையதா? அதன் பெரும்பகுதி அன்றைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின், அதாவது அரசின் சொந்தப் பணம்.

வழித்தடத்துக்கென ஒப்புதல் பெற்ற சோதனை மையங்களில் துப்பாக்கி உதிரிபாகங்களைச் சோதிக்க முடியுமா? தமிழ்நாட்டுக்காக 2024-இல் ஒப்பந்தமான மூன்று மையங்களும் ஆளில்லா வானூர்தி, மின்னணுப் போர், மின்-ஒளியியல் ஆகிய துறைகளுக்கானவை, துப்பாக்கிக்கு அல்ல.